பஞ்சவர்ணம் தொடையில் உடைந்த பிளேட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்கும் டிராக்டருக்கும் போல்ட்டு செய்கிற ஒரு கம்பெனி. போல்ட்டைச் செய்வது ஆண்கள். செய்தது உருப்படியா இல்லையா என்று சொல்வது பெண்கள். நீளமான மேசை, தலைக்கு மேலே டியூப்லைட்டு, வரிசையாகப் பன்னிரண்டு பெண்கள். மலையாகக் கொட்டிக் கிடக்கும் போல்ட்டில் ஒவ்வொன்றாக எடுத்து, அளவு பார்க்கும் கேஜில் நுழைத்துப் பார்த்து, நல்லதை வலது பக்கமும் சொத்தையை இடது பக்கமும் தள்ள வேண்டும். சொத்தையைச் சும்மா தள்ளிவிடவும் கூடாது. பக்கத்து டப்பாவிலிருந்து சிவப்புப் பெயின்ட்டைத் தொட்டு அதன் மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் தள்ள வேண்டும். பெயின்ட் படாத சொத்தை ஒன்று மேசையில் கிடந்தால் அது எப்படியாவது நல்லதோடு கலந்து, பெட்டியில் ஏறி, எங்கேயோ போகிற ஒரு லாரியின் சக்கரத்தில் உட்கார்ந்துவிடும். அந்தக் கம்பெனியில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

பஞ்சவர்ணம் அந்த மேசையில் பதின்மூன்று வருஷம் நின்றவள். அவள் அப்பா முனியன் திருமுல்லைவாயிலில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர். நிலமெல்லாம் பிளாட்டாகப் போனபோது அவருக்கு வேலை போயிற்று, மகளுக்கு வேலை கிடைத்தது. எட்டாவது வரை படித்திருந்தாள். எழுபத்தெட்டில், பத்தொன்பது வயதில் சேர்ந்தாள். அவள் பார்த்து அனுப்பிய பெட்டியிலிருந்து ஒரு போல்ட்டுகூடத் திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசர் செங்கல்வராயன் வாய்விட்டுச் சொல்லுவார். அவர் லேசில் யாரையும் புகழ்கிற ஆள் இல்லை. மேசைக்கு வந்த புதுப்பெண்கள் சந்தேகமான போல்ட்டை அவள் பக்கம் நகர்த்துவார்கள். அவள் கேஜைத் தொடாமல், விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "போடு பொட்டு" என்பாள்.

தொண்ணூற்றொன்று ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ்ஸில் ஏறும்போது ஒரு கால் படியில், ஒரு கால் தரையில் இருக்கும்போதே டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். விழுந்தவளின் இடது தொடை எலும்பு இரண்டாகப் போயிற்று. பக்கத்தில் இருந்தவர்கள் நல்ல மனசோடு கண்ணில் பட்ட முதல் நர்சிங் ஹோமுக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த நர்சிங் ஹோமின் பெயர் எதற்கு. பெயரைச் சொன்னால் அதற்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வரும். மூன்று மாடி, வாசலில் பிள்ளையார், உள்ளே ஏ.சி. ரூம் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "பிளேட்டு வெச்சு ஸ்க்ரூ போட்டுடலாம். மூணு மாசத்துல ஓடலாம்" என்றார். அவள் புருஷன் கஜபதி ஆவடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்ப்பவன். பிளேட்டு என்றால் இட்லி வைக்கிற தட்டுதான் அவனுக்குத் தெரியும். கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான். பஞ்சவர்ணத்தின் தொடையில் ஒரு சாண் நீளத்தில் இரும்புப் பட்டையும் எட்டு ஸ்க்ரூவும் ஏறின.

மூன்று மாசம் படுக்கை. பிறகு ஒரு நாள் டாக்டர் புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, "கூடிட்டு வருது. கைத்தடியோட நட. நடந்தாத்தான் எலும்பு பலமாகும்" என்றார். அதைச் சொன்னார், எழுதவில்லை. சீட்டில் மாத்திரை பெயரும் 'ஒரு மாதம் கழித்து வரவும்' என்பதும் மட்டும் இருந்தன. சொன்னதற்கும் எழுதியதற்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. நடந்தாள். வாசல் வரைக்கும், தெருமுனை வரைக்கும், அப்புறம் ரேஷன் கடை வரைக்கும்.

பங்குனி மாசத்தில் ஒரு நாள் காலை தண்ணீர் லாரி வந்தது. மாமியார் தாயம்மாவுக்கு அன்றைக்கு இடுப்பு வலி, கஜபதி ஷிப்டுக்குப் போயிருந்தான். லாரி நிற்கிற பத்து நிமிஷத்தை விட்டால் அடுத்த லாரி நாளை மறுநாள். பஞ்சவர்ணம் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரே ஒரு பிளாஸ்டிக் குடத்தைப் பிடித்து இடுப்பில் வைத்து இருபது அடி நடந்து கொண்டுவந்து வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. சோறு வடித்தாள். பதினோரு மணிக்கு அடுப்படியில் சும்மா நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது தொடைக்குள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வலி பிறகுதான் வந்தது. கீழே பார்த்தால் முழங்காலுக்கு மேலே இன்னொரு முழங்கால் மாதிரி தொடை மடங்கியிருந்தது.

நர்சிங் ஹோமில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிளேட்டு மூன்றாவது ஓட்டையின் குறுக்கே உடைந்திருந்தது. டாக்டர் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா பண்ணித் தொலைச்சே? வெயிட் எதாவது தூக்கினியா?"

பஞ்சவர்ணம் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே உண்மையைச் சொன்னாள். "காலைல ஒரு கொடம் தண்ணி தூக்கினேன் சார்."

"அதான். நான் சொன்னத கேட்டாத்தானே" என்றார் டாக்டர். உடனே, அவள் கண் எதிரிலேயே, இங்கிலீஷில் நாலு வரி எழுதினார். அறிவுரையை மீறி நடந்ததாலும் எடை தூக்கியதாலும் பிளேட்டு உடைந்தது என்று எழுதியிருக்கிறது என்பதைப் பிற்பாடு வக்கீல் படித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. நட என்று சொன்னதை எழுத மறந்த பேனா இதை எழுத மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பாக ஓடியது பாருங்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அதன் பிறகு அந்த நாலு வரி அவளுக்கு முன்னாலேயே எல்லா இடத்துக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. தெருவில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள், "அதான் டாக்டரே சொல்லிட்டாரே" என்றார்கள். தாயம்மா, "அடங்கி ஒரு இடத்துல கெடந்தா இன்னா? குடுகுடுன்னு ஓடினா உடையாம இன்னா பண்ணும்" என்றாள், அன்றைக்குத் தனக்கு இடுப்பு வலி என்பதைச் சௌகரியமாக மறந்துவிட்டு. கஜபதி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதிலும் ஒரு வகை உண்டு. எல்லாவற்றையும்விடக் கொடுமை, பஞ்சவர்ணமே அதைப் பாதி நம்பினாள். குடத்தைத் தூக்காமல் இருந்திருந்தால், இன்னும் ஒரு மாசம் படுத்திருந்தால் என்று மனசு அரித்தது. யாரோ செய்த சொத்தைக்கு அவள் தன் தலையில் தானே குட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ஆபரேஷன் தொழிலாளிகளுக்கான பெரிய ஆஸ்பத்திரியில். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்டது. துணிக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே, "எந்தக் கடையில வாங்கினானோ, தலை பிச்சுக்கிட்டு வருது பாரு. துருகூட இருக்கு" என்று இன்னொருவரிடம் சொன்னார்.

"சார்" என்றாள் பஞ்சவர்ணம்.

துணிக்கு மேலே இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"அந்த உடைஞ்சத்த என் கைல குடுத்துடுங்க சார். தூக்கிப் போட்டுடாதீங்க."

கொடுத்தார்கள். பஞ்சில் சுற்றி, இரண்டு துண்டும் எட்டு ஸ்க்ரூவும். வார்டுக்கு வந்த பிறகு அந்த டாக்டரிடம், "நீங்க சொன்னத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டாள். நல்ல மனுஷன்தான், கால் பிழைத்ததே அவரால்தான். ஆனால் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார். ஒரு டாக்டரைப் பற்றி இன்னொரு டாக்டர் எழுதிக்கொடுப்பதாவது. கால் ஒன்றேகால் அங்குலம் குட்டையாகக் கூடியது. அதைப் பற்றி மட்டும் தாராளமாக எழுதிக்கொடுத்தார்.

வேலைக்குத் திரும்பிய அன்று டிபன் பாக்ஸின் மேல்தட்டில் அந்தப் பிளேட்டை வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனாள். சாப்பாட்டு நேரத்தில் செங்கல்வராயன் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கடிகாரக்காரர் மாதிரி ஒரு லென்ஸைக் கண்ணில் வைத்து உடைந்த முகத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"பஞ்சவர்ணம், இது இன்னிக்கு நேத்து உடைஞ்சது இல்லம்மா. இந்த ஓட்டை ஓரத்துல கறுப்பா ஒரு புள்ளி தெரியுது பாரு. இரும்புக்குள்ளயே கசடு. அங்கேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா கீறிக்கினே வந்திருக்கு."

அவள் லென்ஸை வாங்கிப் பார்த்தாள். பதின்மூன்று வருஷம் பார்த்த கண்ணுக்கு அது உடனே பிடிபட்டது. பிறகு பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு எழுத்து இல்லை, ஒரு நம்பர் இல்லை.

"லாரில போற போல்ட்டுக்குக்கூட தலையில நம்ம கம்பெனி முத்திரை கீது சார். ஒரு பொம்பள தொடைல வெச்சதுக்கு அப்பன் பேரு இல்ல."

அந்தக் கோபத்தில்தான் அதைச் செய்தாள். யோசித்துச் செய்யவில்லை. கைப்பழக்கம். மேசை மேலே சொத்தை ஒன்று பெயின்ட் இல்லாமல் கிடக்கிறது, பக்கத்தில் டப்பா இருக்கிறது. பிரஷ்ஷை எடுத்து ஒரு துண்டின் உடைந்த முகத்தில் அழுத்தி, நிறைய, சிவப்புப் பெயின்ட்டை அப்பினாள். மேசையில் இருந்த பெண்களில் ஒருத்தி கைதட்டினாள். செங்கல்வராயனும் தடுக்கவில்லை. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கேஸுக்கு உயிரே அந்த முகம்தான் என்று அங்கே யாருக்குத் தெரியும்.

முகப்பேரில் வீட்டு வசதி வாரிய பிளாட்டின் முன்னறையையே ஆபீஸாக வைத்திருந்த பத்மா என்ற வக்கீலிடம் செங்கல்வராயன்தான் அவளை அழைத்துக்கொண்டு போனார். பத்மா எல்லாவற்றையும் கேட்டார். பிளேட்டைக் கையில் எடுத்தார். சிவப்பைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பரவாயில்ல. போட்டுடலாம் கேஸ்" என்றார் கடைசியில். "உங்களுக்கு என்ன வேணும்? நஷ்டஈடு எவ்வளவுன்னு கேக்கலாம்?"

"அத்த நீங்களே எதுனா போட்டுக்கோங்க மேடம். என் மேல தப்பு இல்லன்னு எழுதிக் குடுக்கணும். அதான் வோணும்."

தொண்ணூற்றிரண்டில் மாவட்ட நுகர்வோர் கோர்ட்டில் மனு போட்டார்கள். முதல் வாய்தாவிலேயே எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, டாக்டர் வேலை என்ன மளிகைக் கடையா, இந்தச் சட்டத்துக்குள் அது வருமா என்றார். அதே கேள்விக்கு டெல்லியில் பெரிய கோர்ட்டில் வழக்கு நடக்கிறது, அது முடியட்டும் என்று இங்கே ஒத்திவைத்தார்கள். ஒத்திவைத்தார்கள் என்றால் ஒரு மாசம், இரண்டு மாசம் இல்லை. மூன்று வருஷம். தொண்ணூற்றைந்து கடைசியில், டாக்டரும் இந்தச் சட்டத்துக்குள் வருவார் என்று தீர்ப்பு வந்தது. அந்த மூன்று வருஷமும் பஞ்சவர்ணம் செருப்புக் கடையில் தக்கை வைத்துத் தைத்த ஒரு காலணியைப் போட்டுக்கொண்டு, மேசையில் நிற்க முடியாமல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போல்ட்டு பார்த்தாள். வீட்டில் ஒரு குடத்தைக்கூடத் தொடவில்லை. தொடப் பயமாக இருந்தது.

விசாரணை ஆரம்பித்ததும் அடுத்த வேடிக்கை. பிளேட்டு யார் செய்தது என்று கேட்டால் நர்சிங் ஹோம் மருந்துக்கடைக்காரரைக் காட்டியது. மருந்துக்கடைக்காரர் பாரிமுனையில் ஒரு டீலரைக் காட்டினார். டீலர் ஒரு லெட்டர்பேடைக் காட்டினார். லெட்டர்பேடில் இருந்த விலாசத்துக்குக் கோர்ட்டு நோட்டீஸ் போய், அப்படி யாரும் இங்கே இல்லை என்று தபால்காரர் கையெழுத்தோடு திரும்பி வந்தது. மனுஷர் உடம்புக்குள் வைக்கிற பொருள் இந்த நாட்டில் தானாகவே முளைத்து, தானாகவே ஆபரேஷன் தியேட்டருக்கு நடந்து வந்து, தானாகவே உடைந்துவிடுகிறது. பொறுப்பு என்று வரும்போது மட்டும், குடம் தூக்கிய ஒருத்தியைத் தவிர வேறு ஆளே அகப்படுவதில்லை.

கோர்ட்டே பிளேட்டை ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பியது. அங்கே உலோகம் படித்த ஜேம்ஸ் என்பவர் பெயின்ட்டைத் தின்னரில் கரைத்து எடுத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்து மூன்று பக்கம் எழுதியனுப்பினார். இரும்பிலேயே கசடு, விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பம், ஸ்டெயின்லெஸ் என்றால் இருக்க வேண்டிய கலவையும் இல்லை. பத்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதிர்க்கட்சி வக்கீலுக்கு அந்த மூன்று பக்கத்தில் ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது. பொருள் வந்தபோது அதன் மேல் சிவப்புப் பெயின்ட் இருந்தது என்ற வரி.

பஞ்சவர்ணத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். ஏறும் முன் பத்மா அவள் காதில், "குடத்தைப் பத்திக் கேட்டா ஞாபகம் இல்லன்னு சொல்லிடுங்க" என்றார்.

எதிர்க்கட்சி வக்கீல் உடைந்த துண்டைக் கைக்குட்டையில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். ஓட்டையின் உள்விளிம்பில் இன்னும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருந்தது. "என்னம்மா இது, குங்குமமா?"

"பெயின்ட்டு சார்."

"யார் அடிச்சது?"

"நான்தான்."

"எதை மறைக்க அடிச்சே?"

"மறைக்க இல்ல சார், காட்ட அடிச்சேன். எங்க கம்பெனில ஒரு பீசு சொத்தைனு தெரிஞ்சா பொட்டு வெக்கணும். வெக்காம உட்டா நல்லதோட கலந்து யாரோட உயிருக்காவது வந்து நிக்கும். உங்க கட்சிக்காரரு ஆஸ்பத்திரில அந்தப் பழக்கம் இருந்திருந்தா அது எந்தொடைக்கு வந்திருக்காது."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். டைப்பிஸ்ட் பெண் மட்டும், எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் மேலே பார்த்தாள். எழுதவில்லை.

"சரி. பிளேட்டு உடைஞ்ச அன்னிக்குக் காலையில குடம் தூக்கினியா இல்லியா?"

பத்மா பேப்பரைப் புரட்டுவது போல் தலையைக் குனிந்துகொண்டார். பஞ்சவர்ணத்துக்கு ஞாபகம் இல்லை என்ற இரண்டு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொத்தையை ஒரு நாளும் நல்லது பக்கம் தள்ளாத கை அவளுடையது. "தூக்கினேன். ஒரு கொடம்" என்றாள்.

தொண்ணூற்றாறு ஆவணியில் தீர்ப்பு. பெயின்ட் அடித்துக் கழுவிய பொருளின் மேல் வந்த சோதனை அறிக்கையை நம்ப முடியாது. பிளேட்டைச் செய்தவர் யார் என்று காட்ட முடியாததால் நர்சிங் ஹோமுக்கும் டீலருக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் குடம் தூக்கியதை மனுதாரரே ஒப்புக்கொண்டிருப்பதால் அவருடைய கவனக்குறைவும் முறிவுக்கு ஒரு காரணம். ஆகவே கேட்டதில் பாதி.

நாலு வருஷம் அலைந்தது டாக்டர் எழுதிய அந்தப் பழியை அழிக்க. அதையே அரசாங்க முத்திரை போட்டுக் கையில் கொடுத்தார்கள். பொய் எழுதிய டாக்டர் தலை நிமிர்ந்து காரில் ஏறிப் போனார். உண்மை சொன்னவள் கவனக்குறைவுக்காரி ஆனாள். கேட்கிற நமக்கே வயிறு எரிகிறதே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

"பாதியாவது வந்துச்சே, உட்டுத் தள்ளு பஞ்சு. தாவு தீந்துபோச்சு" என்றான் கஜபதி.

"நீ நம்பறியா? நான்தான் உடைச்சேன்னு?"

கஜபதி பதில் சொல்லச் சற்றே தாமதித்தான். அந்தத் தாமதம் போதும். மறுநாள் லீவு போட்டு முகப்பேருக்குப் போய், பத்மாவிடம் மேல்முறையீட்டுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

மாநில நுகர்வோர் ஆணையத்தில் தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் எடுத்துக்கொண்டார்கள். தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி, பொறுமையானவர். "உங்களுக்குப் பணம் வந்துடுச்சு. பாக்கிப் பாதிக்காகவா இவ்வளவு தூரம்?" என்று அவளையே கேட்டார்.

"பாதி வாணாம்யா. என் மேலயும் தப்புன்னு எழுதின அந்த ஒரு வரிய எடுத்துடுங்க."

அவர் சோதனைக்கூடத்து ஜேம்ஸை நேரில் வரச் சொல்லி உத்தரவு போட்டார். ஜேம்ஸ் ஒல்லியாக, அரைக்கைச் சட்டை போட்ட மனிதர். கோர்ட்டுக்கு அதுதான் முதல் தடவை. அதனாலேயே வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரி சொன்னார். பெயின்ட் மேலே படிகிற சமாச்சாரம், உலோகத்தின் உடைப்பை அது மாற்றாது. உண்மையில் பெயின்ட் அடிக்காத இன்னொரு துண்டுதான் துருப்பிடித்துப் பார்க்க லாயக்கில்லாமல் போயிருந்தது. பெயின்ட் அடித்த துண்டைக் கரைத்துப் பார்த்தபோது முகம் உடைந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. இந்தம்மா தெரியாமல் செய்த வேலைதான் சாட்சியைக் காப்பாற்றியது.

"சரி, குடம் தூக்கினதால உடைஞ்சிருக்குமா?" என்றார் நீதிபதி.

"ஐயா, இந்த விரிசல் ஒரு நாள்ல வந்தது இல்ல. மைக்ராஸ்கோப்புல பாத்தா வரிவரியா இருக்கு. ஆயிரக்கணக்கான வரி. இவங்க எடுத்து வெச்ச ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா திறந்துகிட்டே வந்திருக்கு. முக்கால் பங்கு எப்பவோ விட்டுப்போச்சு. நல்ல பிளேட்டுன்னா எலும்பு கூடற வரைக்கும் தாங்கும், அதுக்குத்தான் பண்றது. இது இருந்த நிலைமைக்கு அன்னிக்கு இவங்க தும்மியிருந்தாலும் உடைஞ்சிருக்கும்."

பஞ்சவர்ணம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வரும் என்று பத்மா நினைத்தார், வரவில்லை. அவளுக்கு வந்தது ஆத்திரம். ஒரு தும்மலுக்குத் தாங்காத பொருளுக்காக ஆறு வருஷம் ராவும் பகலும் தன்னைத் தானே வைதுகொண்டிருந்தோமே என்ற ஆத்திரம். அந்த ஆறு வருஷத்துக்கு எந்தக் கோர்ட்டில் மனு போடுவது?

வரி நீங்கியது. மனுதாரரிடம் எந்தக் குற்றமும் இல்லை, முழு நஷ்டஈடும் நர்சிங் ஹோமும் டீலரும் சேர்ந்து தர வேண்டும் என்று தீர்ப்பானது. அவள் அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதி வாங்கிவந்து தாயம்மா காதில் விழும்படி கஜபதியைப் படிக்கச் சொன்னாள். அவன் இரண்டு தடவை படித்தான். தாயம்மா, "நான் எப்பம்மா உன்ன சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

ஒரு பத்திரிகையில் கட்டை விரல் அகலத்துக்குச் செய்தி வந்தது. பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயது இருக்கும். கக்கத்தில் கட்டை, மஞ்சள் பையில் எக்ஸ்ரே கவர். பெயர் பொன்னியம்மா, நசரத்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பேப்பர்ல வந்துச்சே, அந்தம்மா நீதானா?"

"நான்தான். குந்து."

பொன்னியம்மாவுக்கும் அதே நர்சிங் ஹோம். போன வருஷம் தொடையில் பிளேட்டு வைத்தார்கள், போன மாசம் உடைந்தது. அவள் கேஸ் போட வரவில்லை. காலை எங்கே காட்டினால் நல்லது என்று கேட்டுக்கொண்டு போக வந்தாள்.

"எம் மேலதாம்மா தப்பு. டாக்டரு கரெக்டா சொல்லிட்டாரு. சும்மா கெடக்காம பூக்கூடைய தூக்கிகினு மார்க்கெட்டுக்கு நடந்தேன். பூவுல இன்னா வெயிட்டு கீது. ஆனாலும் தப்பு தப்புதானே."

பஞ்சவர்ணம் எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிளேட்டு ஓட்டையின் குறுக்கே உடைந்திருந்தது. கஜபதியும் எட்டிப் பார்த்தான்.

"டாக்டரு உன்ன நடக்கச் சொன்னாரா?"

"சொன்னாரும்மா. ஆனா அவ்ளோ தூரம் சொல்லல."

"நடக்கத்தாம்மா அத்த உள்ள வெச்சாங்க. படுத்தே கெடக்கறதுக்குப் பிளேட்டு எதுக்கு, பாயி போதும்."

பொன்னியம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடைந்த நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"உடைஞ்சத்த எடுத்தாச்சா?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

"இன்னும் இல்ல. நாளைக்கு வரச் சொல்லிகீறாங்க. அவங்களே எடுத்துட்டு வேற ஒண்ணு வெக்கறாங்களாம்."

"வேற ஒண்ணு எங்கேந்து?"

"அவங்ககிட்ட ஒரு பொட்டி கீதும்மா. அதுலேர்ந்து அளவு பாத்து எடுத்து வெப்பாங்களாம்."

பஞ்சவர்ணம் எக்ஸ்ரேயைக் கவரில் போட்டு அவளிடம் கொடுக்கவில்லை, தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். தீர்ப்பில் எல்லாம் இருந்தது. அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, பத்மாவுக்கும் தோன்றவில்லை, நீதிபதிக்கும் தோன்றவில்லை. அவள் தன் பெயரைக் கழுவிக்கொண்டிருந்த ஆறு வருஷமும் அந்தப் பெட்டி திறந்தபடியே இருந்திருக்கிறது.

"நாளைக்கு நீ தனியா போவாத. நானும் வரேன்" என்றாள். "கால தொட உடக் கூடாது. மொதல்ல அந்தப் பொட்டிய வெளிய எடுத்து வெக்கச் சொல்லுவோம்."

பிறகு கஜபதி பக்கம் திரும்பினாள். "செங்கல்வராயன் சார் ஊட்டுக்குப் போயி, நாளைக்கு நான் வேலைக்கு வரலன்னு சொல்லிட்டு வா. முடிஞ்சா அவரையும் லென்ஸ எடுத்துகினு வரச் சொல்லு."

போதும் விடு என்று பாதித் தீர்ப்பு வந்தபோது சொன்னவன்தான் கஜபதி. இந்தத் தடவை எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளை வெளியே எடுத்தான்.